உடையாத வரப்பு

கோவிந்தராசு அண்டை வைத்த வரப்பில் நண்டுகூட வளை போட யோசிக்கும் என்று நன்னிலத்துக்குத் தெற்கே நாலைந்து ஊர்களில் பேச்சு உண்டு. வரப்பின் பக்கவாட்டை மண்வெட்டியால் செதுக்கிவிட்டு, ஈரக் களிமண்ணை அள்ளி அப்பி வழித்துவிடுவதுதான் அண்டை வைப்பது. எல்லோரும் செய்கிற வேலைதான். ஆனால் மற்றவர்கள் வைத்தது மூன்று மழை தாங்கும். இவர் வைத்தது அறுவடை வரைக்கும் நிற்கும். பதினாறு வயதில் அடுத்தவர் வயலில் கூலிக்கு மண்வெட்டி பிடித்தவர், ஐம்பத்தெட்டு வயதில் சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கிறார். "நான் கட்டுன வரப்பு உடைஞ்சுதுன்னு எவனாச்சும் சொல்லட்டும், அன்னைக்கே மண்வெட்டியைக் கீழ போட்டுடறேன்" என்பார். அப்படிச் சொல்ல இதுவரை ஆள் கிடையாது. அந்தப் பெருமை மனுஷருக்குக் கொஞ்சம் கூடுதல்தான். அவர் மனைவி அம்சம்கூட அதை மறுக்க மாட்டார்.

அவர்களுக்கு ஒரே மகள் சுடர்விழி. வேளாண்மை படித்துவிட்டு, மண் ஆய்வு செய்கிற ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கொடைக்கானலையும் தாண்டி மேல்மலையில், மாடு மேய்கிற புல்வெளிகளில் ஆறடிக்குக் குழி வெட்டி, மண்ணை அடுக்கடுக்காகப் பார்த்து எழுதுகிற வேலை. புரட்டாசியில் அவளுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்த ஆள் குளிர் ஆகாமல் ஊருக்கு ஓடிவிட்டான். "அப்பா, பத்து நாள் வந்து வெட்டிக் குடுக்கறீங்களா?" என்று கேட்டாள். கோவிந்தராசு தன் மண்வெட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார்.

அங்கே போய்ப் போட்ட முதல் வெட்டே ணங்கென்று கல்லில் பட்டுக் கை அதிர்ந்தது. மேலே ஒரு சாண் கறுப்பு மண், முழுக்கப் புல்வேர். அதற்குக் கீழே செம்மண் நிறத்தில் களி. ஈரக் கையால் உருட்டினால் நம்மூர்க் களி போலத்தான் திரியாக வந்தது. ஆனால் ஒரு பிடி அள்ளினால் பாதிக்குப் பாதி சரளைக்கல். இடுப்பளவு ஆழத்தில் கல் குறைந்து, கடப்பாரைக்கே மசியாத கெட்டிக் களி வந்தது. பாதி நாள் மூட்டம், மீதி நாள் தூறல். குரங்குக் குல்லாவும் இரண்டு ஸ்வெட்டருமாக நின்று வெட்டினார். நாலு குழிகளும் சுவர் வைத்தது போல நேராக இருந்தன.

குழிக்குள் இறங்கி நின்று சுடர்விழி சொன்னாள்: "மேல சரளை இருக்கறதால மழை கடகடன்னு உள்ள எறங்கிடும்பா. கீழ இருக்கற களி அதை விடாது. தண்ணி அங்கேயே நின்னு மண்ணு நெகிழ்ந்துடும். நம்மூரு சமதரை, தண்ணி நின்னா நெல்லுக்கு நல்லது. இது சரிவு. இங்க தண்ணியை நிறுத்தவே கூடாது, எறங்கிப் போக விட்டுடணும்."

"சரிம்மா" என்று தலையாட்டினார். தலைதான் ஆடியது. தண்ணீரை நிறுத்துவது பற்றி எனக்குப் பாடமா என்று உள்ளே ஒரு கொதிப்பு. மேட்டூரில் எப்போது திறப்பார்கள் என்று வருஷா வருஷம் வானத்தைப் பார்க்கிற ஊர்க்காரர் அவர். பெய்கிற மழையெல்லாம் பள்ளத்தில் சும்மா ஓடுவதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது.

அப்பாவும் மகளும் தங்கியிருந்தது எல்லையம்மாள் வீட்டில். புருஷனை இழந்தவர், ஐந்து மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறவர். சரிவின் அடியில் ஒரு வீடு, பக்கத்தில் மாட்டுக் கொட்டகை, அவ்வளவுதான் அவர் சொத்து. கோடையில் மாடுகளைத் தண்ணிக்கு ஒரு மைல் ஓட்டிப் போகணும் அண்ணே என்று பேச்சுவாக்கில் ஒருநாள் சொன்னார். கோவிந்தராசுக்கு அது போதுமானதாக இருந்தது. மண் மாதிரிகளைக் கொடுக்க சுடர்விழி மலை இறங்கிப் போனாள். திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றாள். தான் ஊருக்குக் கிளம்புவதற்கு மீதமிருந்த இரண்டு நாளில் கோவிந்தராசு, வீட்டுக்கு மேலே மேடு மறைக்கிற ஒரு பள்ளத்தை இடுப்புயரத்துக்கு மறித்து வரப்பு கட்டிவிட்டார். கல்லைப் பொறுக்கி எறிந்து, களியை மட்டும் மிதித்துக் குழைத்து, சுற்றிலும் அண்டை வைத்தார்.

"பாப்பாகிட்ட இப்ப சொல்லாதம்மா. நெறைஞ்சப்புறம் அதுவே வந்து பாக்கட்டும்" என்று எல்லையம்மாளிடம் சொல்லிவிட்டு சம்பா நடவுக்கு ஊர் திரும்பினார்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. நாலாம் நாள் காலை பதினோரு மணிக்கு அவர் தன் வயல் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்து வயல்களில் இரண்டு இடத்தில் உடைப்பு. அவருடையது கல் மாதிரி நின்றது. மனம் குளிர்ந்து நின்றபோது எல்லையம்மாளிடமிருந்து ஒரு போட்டோவும் குரல் செய்தியும் வந்தன.

"அண்ணே, உங்க குட்டை நெறஞ்சிடுச்சு. மாடெல்லாம் குடிக்குது. பாப்பா நேத்து சாயங்காலம்தான் வந்துச்சு, காய்ச்சல்ல படுத்திருக்கு. எழுந்ததும் கூட்டியாந்து காட்டறேன். வீட்டுல டவர் இல்லல்ல, மேட்டுக்கு வந்து அனுப்பறேன்."

போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். தளும்பத் தளும்பத் தண்ணீர். கீழே அவர் வரப்பு. அதற்கும் கீழே, புல்லில், வில் போல வளைந்து ஒரு கோடு. முதலில் மாட்டுத் தடம் என்று நினைத்தார். இன்னும் பெரிதாக்கினார். கோட்டுக்குக் கீழ்ப்பக்கத்துப் புல் ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தது.

கோடையில் தரை வெடிப்பது நெல் விளைகிற ஊரில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். மழையில் வெடித்தால் அது வேறு. இளவயதில் ஒரு வெள்ளத்தின்போது ஆற்றங்கரையில் மணல் மூட்டை அடுக்கப் போன இடத்தில் அதே மாதிரி வில்லாக ஒரு வெடிப்பைப் பார்த்திருக்கிறார். பீடி ஒன்று குடித்து முடிப்பதற்குள் கரை இரண்டு தென்னையோடு ஆற்றுக்குள் இறங்கிப்போனது. இப்போது அந்த வெடிப்புக்கு நேர் கீழேதான் எல்லையம்மாள் வீடு. வீட்டுக்குள் அவர் மகள் காய்ச்சலில் படுத்திருக்கிறாள்.

கோவிந்தராசு கொட்டுகிற மழையில் நின்றபடியே சுடர்விழிக்கு அடித்தார், தொடர்பு எல்லைக்கு வெளியே. எல்லையம்மாளுக்கு அடித்தார், அதுவும் அப்படித்தான், வீட்டுக்கு இறங்கிப் போயிருப்பார். இன்னொரு முறை, இன்னொரு முறை. விரல் மாறி வேறு யாருக்கோ போனது. கடைசியில்தான் பால் வண்டி சைபுல்லாவின் ஞாபகம் வந்தது. மேலே இருந்த நாட்களில் தினம் அவனோடு டீ குடித்திருக்கிறார்.

நல்லவேளை, சைபுல்லா எடுத்தான்.

"தம்பி, எங்க இருக்க?"

"முக்குல பால் ஏத்திட்டிருக்கேண்ணே. என்ன மூச்சு வாங்குது?"

"எல்லையம்மா வீட்டுக்கு ஓடு. மேல நான் கட்டுன வரப்பு இருக்கு, அதை வெட்டி…"

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். வெள்ளம் என்றால் மடையை வெட்டு. நாற்பது வருஷமாக அவர் கைக்குத் தெரிந்தது அதுதான். வெட்டினால் அத்தனை தண்ணீரும் அந்த வெடிப்புக்குள் நேராக இறங்கும். சரளை வழியாகக் கடகடவென்று இறங்கும், கீழே களி விடாது. குழிக்குள் நின்று மகள் சொன்னது வார்த்தை மாறாமல் காதில் கேட்டது.

"வேண்டாம். வரப்புக்கிட்ட யாரும் போகாதீங்க. ஆளுங்களை மட்டும் வெளிய கூட்டிட்டு வா. நேரா கீழ எறங்காத, பக்கவாட்டுல ஓடுங்க."

"என்னண்ணே நீங்க, இங்க பெரிய மழையே இல்ல, தூறல்தான்."

"நான் தப்பு பண்ணிட்டேன் தம்பி! தண்ணி நிக்கக் கூடாத மண்ணுல தண்ணியை நிறுத்திட்டேன். மலையே வரப்போகுது. என் பொண்ணு உள்ள படுத்திருக்கு, உன் கால்ல விழறேன், ஓடுய்யா!"

தன் வேலையில் தப்பு என்று அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் பால் கேன் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. லைன் போய்விட்டது.

முக்கிலிருந்து அந்த வீடு ஒன்றரை கிலோமீட்டர், பாதி தூரம் வண்டி போகாது. கோவிந்தராசு சேற்றுக்காலோடு நன்னிலம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். எந்த பஸ் பிடித்தாலும் போய்ச் சேர இரவாகிவிடும் என்று தெரிந்தும் ஓடினார். விஷயம் கேள்விப்பட்டு அம்சம் ஆட்டோவில் வந்து இறங்கியபோது, அவர் தஞ்சாவூர் பஸ் நிற்கிற இடத்தில் ஏறாமலே உட்கார்ந்திருந்தார். ஏறினால் வழியில் போன் எடுக்காமல் போய்விடுமோ என்று பயம். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் மனைவியிடம் சொன்னார்.

"பொண்ணுதான் வேணாம்னு படிச்சுப் படிச்சு சொல்லியிருக்குல்ல. ஏங்க கேக்கல?" என்றார் அம்சம். புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பன்னிரண்டு ஆனது, பன்னிரண்டரை ஆனது. பஸ்கள் வந்து வந்து போயின. ஒவ்வொரு ஹார்னுக்கும் கோவிந்தராசு திடுக்கிட்டு போனைப் பார்த்தார். அந்த வரப்புக்காக மிதித்த ஒவ்வொரு மிதியும் கால் அடியில் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் லேசாக மிதித்திருக்கக் கூடாதா, ஒரு பொத்தலாவது விட்டிருக்கக் கூடாதா என்று மனசு அரற்றியது.

ஒன்று பத்துக்கு சைபுல்லாவின் எண் ஒளிர்ந்தது. எடுக்கப் பயந்து நின்றவரின் கையிலிருந்து அம்சம்தான் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா" என்றாள் சுடர்விழி.

அம்சம் ஓவென்று அழுதார்.

"எல்லாரும் இருக்கோம்பா. சைபுல்லா அண்ணன் வந்து இழுத்துட்டு ஓடியாந்தார். மாட்டையெல்லாம் அவுத்து விட்டோம், சினை மாடு மட்டும் வரல. நாங்க வெளிய வந்து அஞ்சு நிமிஷம்தான்பா. வீடு இருந்த எடமே தெரியல." அவள் பற்கள் குளிரில் அடித்துக்கொள்வது கேட்டது. பின்னால் எல்லையம்மாளின் குரல்: "ஊருல இருந்தே அண்ணன் சாமி மாதிரி சொல்லிட்டாருன்னு உங்கப்பாகிட்ட சொல்லு பாப்பா."

அந்தச் சொல்லைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல. அது நான் கட்டுன வரப்பால வந்ததும்மா. அந்தம்மாகிட்டயும் சொல்லிடு" என்றார்.



"பாத்தேம்பா" என்றாள். "சரிவு மொத்தமும் எறங்கி, கொட்டகை மேல வந்து நிக்குது. உங்க வரப்பு மேல, கட்டுன எடத்துலயே அப்படியே உக்காந்திருக்கு. அது மட்டும் உடையவே இல்ல."

கோவிந்தராசு ஊருக்குத் திரும்பியதும் மண்வெட்டியைக் கழுவி, காம்பைக் கழற்றி, பரண்மேல் போட்டார். அடுத்த போகம் அவர் வயலுக்கு அண்டை வைக்கக் கூலிக்கு ஆள் வந்தது.