இரட்டை எண் தெற்கே போகாது

அம்மா ஆக்லாந்தில் வந்து இறங்கிய நாளை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். பிறகு, அப்படிச் சிரித்ததை நினைத்து வெட்கம் வரும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் தனியே கிடந்த அம்மாவுக்கு ஒருவழியாக விசா கிடைத்தது. ஏவன்டேலில் நானும் கணவரும் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு, எங்களோடு இருப்பதற்காக வருகிறார். அவரைக் கூட்டிவர லண்டனிலிருந்து பெரியண்ணாவும் நியூ ஜெர்சியிலிருந்து சின்னண்ணாவும் முந்திய கிழமையே வந்துவிட்டார்கள். நாட்டை விட்டுப் போன பிறகு இருவரும் அம்மாவைக் கண்ணால் காணவில்லை. அவர் கதவைத் தாண்டி வரும்போது மூன்று பிள்ளைகளும் முன்னால் நிற்கவேண்டும். அதுதான் திட்டம்.

கணவருக்கு ஹென்டர்சனில் வேலை, லீவு இல்லை. "ஒனெஹங்கா மட்டும் போங்கோ, அங்க இருபதாம் நம்பர் றோட்டில ஏறினால் நேர எயார்போர்ட்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். இதைவிட லேசான வழி உலகத்தில் கிடையாது.

வாடகைக் காரைப் பெரியண்ணா ஓட்டினார். சின்னண்ணா பக்கத்தில் வரைபடத்தோடு. கார் ஓட்டத் தெரியாத நான் பின்சீட்டில்.

தெரு முனையிலேயே தொடங்கிவிட்டது. வளைவு வருகிறது என்று ஒரு மஞ்சள் பலகை, சாய்சதுரமாக. "பாத்தியளோ அண்ணை, இது எங்கட போர்ட்" என்றார் சின்னண்ணா. அடுத்ததாக வேகத்துக்குச் சிவப்பு வட்டம். "அப்ப இது? இது எங்கட" என்றார் பெரியண்ணா. சின்ன வயதில் ஊரில், அரியாலையில், ஒரு சைக்கிளுக்காக அடிபட்டவர்கள், இப்போது அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் வைத்து அடிபட்டார்கள். நியூசிலாந்துக்காரனோ இரண்டு வீட்டுச் சாமானையும் எடுத்துத் தன் வீட்டைக் கட்டியிருந்தான்.

ஒனெஹங்காவில் அந்தப் பச்சைப் பலகை வந்தது. கேடயத்துக்குள் இருபது. பக்கத்தில் குட்டி விமானப் படம்.

"ஏறாதேங்கோ!" என்றார் சின்னண்ணா. "எயார்போர்ட் தெற்கில இருக்கு. இருபது இரட்டை எண். இரட்டை எண் கிழக்கு மேற்காத்தான் போகும். தெற்க போறதெண்டால் ஒற்றை எண் வேணும்." அமெரிக்கா முழுக்க அப்படித்தானாம்.

"அது விசர்க்கதை" என்றார் பெரியண்ணா. "ஆனால் இருபது சரிவராதுதான். எங்கட பக்கம் இரண்டில தொடங்கிற றோட்டெல்லாம் இரண்டாம் றோட்டுக்குக் கிட்டத்தான் கிடக்கும். படத்தில பார், இரண்டு எங்கயோ கிழக்கால போகுது. ஒண்டாம் நம்பர் றோட்டைப் பிடிப்பம்."

பிறந்ததிலிருந்து ஒத்துப்போகாதவர்கள் அன்றைக்குத்தான் ஒத்துப்போனார்கள், அதுவும் பிழையில்.

"பிளேன் படம் போட்டிருக்கே, அண்ணா" என்றேன்.

"நீ சும்மா இரு" என்று இரண்டு குரலும் ஒன்றாக வந்தன. எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் அண்ணன்மார் இருவரும் சேர்ந்து என்னை அதட்டுகிறார்கள். அது அவ்வளவு இனித்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

முதலாம் இலக்க நெடுஞ்சாலைக்கு ஏறும் இடத்தில் தெற்கு என்று எழுதவில்லை என்பது சின்னண்ணாவின் முறைப்பாடு. ஹமில்டன் என்று ஊர்ப் பேர் போட்டிருக்கிறான், அது காணும் என்பது பெரியண்ணாவின் தீர்ப்பு. பிறகு, நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் வாசல்களுக்கு லண்டன் மாதிரி ஒன்று, இரண்டு என்று வரிசையாக எண் வைப்பதா, அமெரிக்கா மாதிரி மைல் கணக்கில் வைப்பதா என்று ஒரு சண்டை. ஆக்லாந்தில் அப்போது வாசல்களுக்கு எண்ணே கிடையாது. இல்லாத எண்ணுக்காக அடிபட்டதில், எயார்போர்ட்டுக்குத் திரும்பவேண்டிய மனுக்காவ் வாசல் பின்னால் போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே பசுமாடுகள் தெரிந்தபோதுதான் நகரத்தையே தாண்டிவிட்டோம் என்று விளங்கியது.

ட்ரூரி என்ற ஊரில் பெற்றோல் நிலையத்தில் நிறுத்தி வழி கேட்டோம். அங்கே நின்று, மாறி மாறி முகத்தைப் பார்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சின்னண்ணா உள்ளே இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' பணியாரம் சுடச்சுட வாங்கிவந்தார். மூன்று பேரும் நின்று சாப்பிட்டோம். அம்மா வந்து இறங்கியிருக்கும் நேரத்தில் சாப்பிட்டோம் என்பதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

அம்மா வந்த வழியில் போரால் கண்டி வீதி பூட்டிக் கிடந்தது. கிளாலியில் வள்ளம் ஏறிக் கடலைக் கடந்து, நடந்து, லொறியில் குந்தி, கொழும்பு வந்து, ஆங்கிலம் தெரியாமல் சிங்கப்பூரில் விமானம் மாறி வந்தவர். பெயர்ப்பலகை இல்லாத வழியில் அவர் ஒரு இடத்திலும் பிசகவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வருகைக் கூடம் வெறிச்சோடி இருந்தது. தள்ளுவண்டியைப் பிடித்தபடி அம்மா நடுவில் நின்றார். சுற்றிவரக் காலிக் கதிரைகள்.

"இருந்தால் நீங்கள் என்னைக் காணமாட்டியள் எண்டு நிண்டனான்" என்றார். மகன்மாரின் முகத்தைத் தடவினார். "வேலையளை விட்டுப்போட்டு வந்தியளோ? உங்களுக்கெல்லாம் கரைச்சல் குடுத்துப்போட்டன்."

"றோட்டு சரியான கஷ்டம் அம்மா" என்றார் பெரியண்ணா. "போர்ட்டுகள் ஒண்டும் விளங்காது. ஆக்கள் மாட்டுப்படுற றோட்டு." சின்னண்ணா தலையாட்டினார். என் வாயில் அந்த இறைச்சிப் பணியாரத்தின் ருசி போகவில்லை. நானும் தலையாட்டினேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எங்கள் புளுகு வருஷக்கணக்காக ஓடியது. அம்மா அதை அப்படியே நம்பிவிட்டார்; ஞாயிற்றுச் சந்தைக்கு நடந்து போவார், காரில் எங்கேயும் வரமாட்டார். "எனக்காக அந்த றோட்டில போகாதேங்கோ." அண்ணன்மார் தொலைபேசியில் அடுத்த லீவுக்கு வரப் பார்க்கிறோம் என்று இழுத்தால், அம்மாவே முந்திக்கொள்வார்: "வேண்டாம் ராசா, உந்த றோட்டில வந்து மாட்டுப்படாதை. நான் சுகமாத்தான் இருக்கிறன்." அவர்கள் வரவில்லை. அம்மா உண்மையாகத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். திருத்தினால் அந்த நாளில் நடந்ததைச் சொல்லவேண்டிவரும்.

நான் லைசென்ஸ் எடுத்த வருஷம் கணவரின் சகோதரி, என் மச்சாள், வந்து இறங்கினார். அவரைக் கூட்டிவரப் போகும்போது அம்மாவை வீட்டில் தனியே விட மனமில்லாமல் வற்புறுத்திக் காரில் ஏற்றினேன். கதவுப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். இருபதில் ஏறினேன். மாங்கரே பாலம், இரண்டு பக்கமும் கடல், விமானப் படம், மறுபடியும் விமானப் படம். கார் நிறுத்துமிடம் வந்துவிட்டது.

"இதுதானோ பிள்ளை அந்த றோட்டு?"

"ஓம் அம்மா."

கதவுப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நல்ல நேர் றோட்டு" என்றார். "நான்தான் பெடியளை வரவிடாமல் மறிச்சுப்போட்டன்."