குடியானவன் போகலாம்

கார்ல்ஸ்ரூஹே நகரத்தின் தெருக்கள் அரண்மனையிலிருந்து விசிறிபோல விரிகின்றன. கோபுரத்தில் நின்றால் எந்தத் தெருவில் யார் போகிறார் என்று அரசருக்குத் தெரிந்திருக்கும். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கோப்புப் பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது.

அரண்மனையைச் சுற்றிக்காட்டும் ஜெர்மன் மூதாட்டி பெருமையோடு பேசுகிறார். அகதி விடுதியில் இருக்கும் செல்வன் எனக்கு மொழிபெயர்க்கிறான்.

"இந்த அரசர் தத்துவம் படிச்சவராம், ஐயா. இருநூறு வருசத்துக்கு முன்னம், குடியானவர் ஆரையும் கேளாமல் ஊர்விட்டு ஊர் போகலாமெண்டு கட்டளை போட்டவராம்."

"அவரும் ஆரையும் கேளாமல்தான் போட்டிருப்பார்," என்கிறேன்.

செல்வன் சிரிக்கவில்லை. நாளை ஹனோவரில் அவன் தங்கைக்குக் கல்யாணம். அகதி இந்த மாவட்டத்தைத் தாண்ட அனுமதி வேண்டும். காலையில்தான் மறுத்துவிட்டார்கள்.

"மேல்முறையீடு செய்யலாம், தம்பி. தங்கச்சிக்குப் பிள்ளை பிறக்கமுன்னம் பதில் வரும்."

"பகிடியை விடுங்கோ, ஐயா. நீங்கள் விசிட் விசாவிலை வந்தனீங்கள், எங்கையும் போகலாம். எனக்குப் பதிலா நீங்கள் மாப்பிள்ளைக்குக் கால் கழுவிவிடுங்கோ."

எங்கள் வழக்கப்படி பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளையின் காலைக் கழுவி வரவேற்பான். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவார். இத்தனை வருட அரச சேவையில் இப்படியொரு பதவி எனக்குக் கிடைத்ததில்லை.

"அப்ப மோதிரம் எனக்கெல்லோ?"

"இல்லை, கொண்டுவந்து என்னட்டைத் தாங்கோ. மோதிரத்துக்கு அனுமதி தேவையில்லை."

மூதாட்டி அடுத்த அறைக்கு அழைக்கிறார். ரயில் நிலையத்துக்குப் போகும் தெரு எதுவென்று அவரிடம் கேட்கச் சொல்கிறேன்.