சித்தியின் அறபு

சித்திக்கும் கணிதத்துக்கும் ஏழாம் பொருத்தம். சாதாரண தரப் பரீட்சையில் அந்த ஒரு பாடத்தில் கோட்டை விட்டதால் அரசாங்க வேலை அவருக்குக் கனவாகிப் போனது. குவைத்தில் வீட்டுவேலை செய்துவிட்டுத் திரும்பியபோது கையில் மிஞ்சியது அறபு மொழி மட்டும்தான். அந்த அறபுக்கும் ஒருநாள் மதிப்பு வந்தது. வாழைச்சேனையில் பெண்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் முகவர் ஒருவர், அங்குள்ள வீட்டுக்காரர்களோடு போனில் பேசுவதற்குச் சித்தியை வைத்துக்கொண்டார்.

"கூட்டல் கழித்தல் இல்லாத வேலைகா தங்கச்சி, விட்டிராத" என்ற அம்மா, கோயிலில் பொங்கலும் வைத்தார்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் முகவரின் அலுவலகத்துக்குப் போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொள்வேன். அப்படி ஒருநாள் மாங்கேணியிலிருந்து ஒரு பெண் வந்தார். சவூதிக்குப் போன மகளிடமிருந்து வெகுநாளாகப் பேச்சில்லை. எங்கள் பக்கத்தில் காரியமாக வருபவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். அவர் கையில் கருவாட்டுப் பொட்டலம் இருந்தது.

சித்தி போன் எடுத்தார். மறுமுனையில் வீட்டுக்காரி நெடுநேரம் கத்தினாள். சித்தியின் முகம் வெளிறியது. எதிரே இருந்த முகவர், சொல்ல வேண்டாம் என்று கையை அசைத்தார்.

"நல்லா இரிக்காவாம். வேலையா இரிக்காவாம், பிறகு எடுப்பாவாம்" என்றார் சித்தி.

"என்ட புள்ள சாப்பிடுறாளாமா, மகள்?"

"ஓம்மா."

அந்தத் தாய் சித்தியின் கன்னத்தைத் தடவிவிட்டு, கருவாட்டை மேசையில் வைத்துப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவ்வளவு பெரிய கத்தலை இரண்டே வரியில் சொல்ல வேறு யாரால் முடியும்!

மறுநாள் சித்தி வேலைக்குப் போகவில்லை. அதன்பிறகும் போகவில்லை.

"கணக்கும் வராது, வாச்ச வேலையும் நிக்காது" என்று அம்மா பொரிந்து தள்ளினார்.

அந்த மகள் அடுத்த மாதம் பெட்டியில் வந்து சேர்ந்தாள். சித்தி போன் எடுத்த அன்றே அவள் ஆஸ்பத்திரிப் பிண அறையில் கிடந்திருக்கிறாள். பெட்டியை அனுப்பும் செலவு யாருடையது என்றுதான் வீட்டுக்காரி கத்தியிருக்கிறாள். ஊர் திரண்டு வந்துவிடும் என்று முகவருக்குப் பயம். அவர் இன்றைக்கும் சௌக்கியமாகத்தான் இருக்கிறார். கணக்கு வராமல் நானும் மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த பிறகுதான் சித்தி இதையெல்லாம் சொன்னார். மொழி தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று யாராவது பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

போன் பேசிய அன்று, நான் வீட்டுக்குத் தூக்கிவந்த அந்தக் கருவாட்டில் அம்மா கத்தரிக்காய் போட்டுக் கறி வைத்திருந்தார். சித்தி தொடவில்லை. மணம் பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்து, அவருடைய பங்கையும் நானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.