மலையேறாத ஒஸ்டின்

எங்கள் வீட்டில் அரசியல் பேசிச் சண்டை வந்ததில்லை. கார் பேசித்தான் வந்தது. அப்பாவிடம் மொறிஸ் மைனர் இருந்தது, அம்மாவின் தம்பியான என் மாமாவிடம் ஒஸ்டின். இரண்டும் எனக்கு மிக முன்னரே பிறந்தவை என்பதால் நான் மரியாதையாகத்தான் நடந்துகொள்வேன்.

மொறிஸ் கொஞ்சப் பெற்றோலில் நெடுந்தூரம் ஓடும். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினால் அதன் பாதி நோய் தீர்ந்துவிடும். துறைமுகத்து உப்புக்காற்றில் கறள் பிடிக்காமலிருக்க அப்பா ஞாயிறுதோறும் அதற்குத் தேங்காயெண்ணெய் பூசுவார். என் தலைக்குக்கூட அவ்வளவு ஒழுங்காக யாரும் பூசியதில்லை.

ஒஸ்டினின் குணம் வேறு. ஆறு பேரை ஏற்றிக்கொண்டு குச்சவெளிக்கு அலுங்காமல் போய்வரும். ஆனால் பெற்றோலை நன்றாகக் குடிக்கும். சின்ன உதிரிச் சாமானுக்கும் கொழும்புக்குச் சொல்லியனுப்ப வேண்டும். தண்ணீர் குறைந்தால் கொதித்துவிடும். அதனால் மாமா காலைத் தேநீருக்கு முன்னரே பொனற்றைத் திறந்து தண்ணீர் பார்ப்பார். ஒருநாளும் தவறியதில்லை.

அந்த ஒஸ்டின் உண்மையில் அம்மாவுக்குச் சீதனமாகப் பேசப்பட்டது. அப்பா கலியாணச் சபையில் வைத்தே சீதனம் வேண்டாம் என்று மறுத்ததால் அது மாமாவிடம் போனது. பின்னர் மாமாவுக்குக் கனடாப் பயணம் சரிவந்தபோது, காரை அக்காவிடமே விட்டுப்போகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தார். அப்பா அசையவில்லை. தோப்பூர் வியாபாரி ஒருவர் காரை விலைக்கு வாங்க வந்து பார்த்துவிட்டுப் போனார். அம்மா தன் தகப்பனாருக்குப் பக்கத்திலிருந்து ஓட்டப் பழகிய கார் அது. அந்த வாரம் முழுக்க அம்மா எங்களோடு சரியாகக் கதைக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாமா வந்தார்.

"அத்தான், உங்கட மொறிஸ் கோணேசர் மலையில ஏறுமோ? ஏறிப் பாப்பம். தோக்கிற ஆள் காரை வெல்லுற ஆளுக்குக் குடுக்கவேணும்."

சீதனம் என்றால் அப்பாவுக்குப் பிடிக்காது. பந்தயம் என்றால் சாப்பாடே வேண்டாம். "ஓம், வாரும்!" என்று சாரத்தை மாற்றிக் காற்சட்டை போடப் போனார். நடுவர் நான்.

நான் மொறிஸில் ஏறினேன், அம்மா ஒஸ்டினில். மலையடியிலுள்ள கோட்டை வாசலைத் தாண்டியதும் ஒஸ்டின் பறந்தது. மொறிஸ் முனகியது, ஆனால் நிற்கவில்லை. வளைவில் திரும்பினால், ஒஸ்டின் ஓரமாக நின்று ஆவி கக்கிக்கொண்டிருந்தது. இரண்டு மான்கள் அதை வேடிக்கை பார்த்தன. அப்பா ஹோர்ன் அடித்தபடி உச்சியிலுள்ள கோயில்வரை போய்த்தான் திரும்பி வந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"தண்ணி பாக்க மறந்திட்டன் அத்தான். தோல்வி தோல்விதான்" என்று மாமா கார்த் திறப்பை நீட்டினார். அப்பா வெற்றிக் கோப்பை வாங்குகிறவரைப் போல அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டார். பிறகு, ஊற்றுவதற்குத் தண்ணீர் எங்கே எடுப்பது என்ற கதை வந்தது.

ஒஸ்டினுக்குள் அம்மாவின் காலடியில் ஒரு பெரிய போத்தல் நிறையத் தண்ணீர் இருந்ததை நான் கண்டேன். "அம்மா, இஞ்ச..." என்று தொடங்கினேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். அப்பா கோயில் குழாயடியை நோக்கி மேலே நடந்தார்.

அம்மாவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அம்மாவின் கண் கலங்கியும் இருந்தது. நான் தொடையைத் தடவிக்கொண்டு, தோற்றவர்களுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம் என்று, நடுவருக்குரிய கோபத்தோடு நின்றேன்.