அவர் பேரம் பேசிக் குறைத்த கடன்

வங்கி அதிகாரி என் சம்பளச் சீட்டுகளை வலது பக்கமும், என் கணவரின் கடன் அறிக்கையை இடது பக்கமும் வைத்தார். மார்ச் மாதத்து முதல் திங்கட்கிழமை அது. வலது பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினார். இடது பக்கத்தைப் பார்த்த பிறகு என்னிடம் மட்டும் பேசத் தொடங்கினார்.

“மேடம், உங்க ஸ்கோர் நல்லா இருக்கு. சாரை விட்டுட்டு நீங்க மட்டும் அப்ளை பண்ணிடுங்க.”

சார் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். டீசல் வாசனை போகவில்லை என்று காலையில் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டு வந்தவர்.

நாங்கள் கேட்டது எர்ணாவூரில் ஒரு பழைய அடுக்குமாடியில், இரண்டாம் மாடி வீட்டுக்கான கடன். பால்கனியில் துணி காயப்போட்டால் மாலைக்குள் கரி படியும் என்று விற்பவரே சொன்னார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அந்த வீட்டைப் பிடித்துவிட்டது. ராயபுரத்தில் பதினோரு வருடத்தில் நான்கு வாடகை வீடுகள் மாறியிருந்தோம். குடிபோன நாள், காலி செய்த நாள், வீட்டுக்காரர் சொன்ன காரணம் எல்லாம் என் டைரிகளில் இருக்கின்றன. நான் ஒரு கன்டெய்னர் யார்டில் ஆவணங்கள் எழுதுகிறவள். ஒரு தேதி தவறினால் ஒரு பெட்டி நகராது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

விற்பவருக்கு இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்து, மே மாதக் கடைசி வரை கெடு வாங்கியிருந்தோம். அந்த இரண்டு லட்சத்தில் ஒன்றேகால் லட்சம் என் கணவருடையது.

“கடன்ல பேர் இல்லாதவங்களைப் பத்திரத்துலயும் சேர்க்க முடியாது மேடம், எங்க பேங்க்ல அப்படித்தான். ஆனா ஒரே குடும்பம்தானே, யார் பேர்ல இருந்தா என்ன?” என்றார் அதிகாரி.

“அப்படின்னா அவர் பேர்ல மட்டும் தர்றீங்களா?” என்றேன்.

அதிகாரி என் கணவரின் அறிக்கையில் ஒரு வரியைப் பேனாவால் சுட்டிக்காட்டினார். ‘செட்டில்டு’ என்று இருந்தது.

அந்த வரியின் கதை எனக்குத் தெரியும். என் கணவர் காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். நான்கு வருடங்களுக்கு முன் கருவிகள் வாங்க ஒரு நிதி நிறுவனத்தில் ஒன்றரை லட்சம் கடன் எடுத்தார். ஏப்ரல் பதினைந்தில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் அறுபத்தோரு நாள் படகுகள் கடலுக்குப் போகாது. எஞ்சின்களெல்லாம் பிரிக்கப்படுவது அப்போதுதான். வருடத்திலேயே அவர் அதிகம் உழைக்கும் இரண்டு மாதங்கள் அவை. கூலி வருவதோ படகு மறுபடி கடலுக்குப் போய் மீன் விற்ற பிறகு, ஜூலையில். நிதி நிறுவனத்தின் கணினிக்கு ஜூலை வரை பொறுமை இல்லை. மூன்று தவணைகள் தவறின. வசூல்காரர் நாள் தவறாமல் போன் செய்தார். பாக்கி தொண்ணூற்றாறாயிரத்தில் வந்து நின்றது.

ஒரு சனிக்கிழமை மாலை (அவர் வெள்ளி என்பார், சனிதான்) கையில் வஞ்சிரத்தோடு வீட்டுக்கு வந்தார்.

“இன்னாமே, தெரிமா உனக்கு? தொண்ணூத்தாறை அம்பத்தெட்டுல முடிச்சிட்டேன். முப்பத்தெட்டாயிரம் அடிச்சுக் கொறைச்சேன். அவனே கை குடுத்துட்டுப் போனான்.”

மீன் ஏலத்தில் விலை படிந்து கை கொடுத்துவிட்டால் அந்தக் கூடையைப் பற்றி மறுபேச்சு கிடையாது. துறைமுகத்தில் வளர்ந்தவருக்கு அதுதான் தெரியும். நானும் அன்றைய டைரியில் ‘இன்று கடன் தீர்ந்தது’ என்று எழுதி அடிக்கோடிட்டேன். தேதிகளைத் துரத்தும் நான், நிதி நிறுவனம் அவரிடம் கொடுத்தனுப்பிய கடிதத்தை முழுதாகப் படிக்கவில்லை. வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தேன்.

பேரம் பேசிக் குறைத்த கடனை வங்கிகள் தீர்ந்த கடனாக எடுத்துக்கொள்வதில்லை. முழுதாகக் கட்டாதவர் என்ற முத்திரை வருடக்கணக்கில் பெயரோடு கூடவே வரும். விட்டுக்கொடுத்ததாகச் சொன்ன தொகையைக் கட்டி, புதிதாக ஒரு சான்றிதழ் வாங்கினால்தான் அது மாறும். இதை அந்த அதிகாரி நன்றாகவே விளக்கினார், என்னைப் பார்த்து மட்டும்.

ஐம்பத்தாறு சி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என் கணவர் முதல் முறையாக வாய் திறந்தார்.

“என் பேரு இன்னாத்துக்குமே? வூடு கெடைச்சா போதும். நீ கையெழுத்துப் போட்டுக்கினு வா.”

“யோவ், வாடகை வீட்ல நாலு தடவை அலமாரியைத் தலையில தூக்கினது யாரு?”

“அதுக்குன்னு? பத்திரத்துல அலமாரி தூக்குனவன்னு எழுதுவாங்களா?”

“எழுதுவாங்க. நான் எழுத வைக்கிறேன்.”

சொல்லிவிட்டேனே தவிர எப்படி என்று அப்போது தெரியாது. என் சம்பளத்தை வைத்துத் தனியாகவே கடன் வாங்கியிருக்கலாம். வேலை சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அவரை ஒரு முறை வெளியே நிறுத்திவிட்டு வாங்கிய வீட்டுக்குள் அவரை எந்த முகத்தோடு அழைப்பேன்? அவர் குடிக்கவில்லை, சூதாடவில்லை. இரண்டு மாதம் ராப்பகலாக எஞ்சின் பிரித்தார், கூலி தாமதமாக வந்தது. இதற்கு வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்களா?

அந்த முப்பத்தெட்டாயிரத்துக்காக, நான் கட்டிவந்த ஏலச்சீட்டை அந்த வாரமே மூன்று மாதம் முன்னதாகத் தள்ளி எடுத்தேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நிதி நிறுவனத்தின் கிளைக்கு இருவரும் போனோம். கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

“பாக்கி ஒண்ணும் இல்லையே அண்ணா?”

“கீது. முப்பத்தெட்டாயிரம் கீது,” என்றார் என் கணவர்.

“அது தள்ளுபடி ஆயிடுச்சு.”

“எனக்குத் தள்ளுபடி வேணாம்மா. நீ வாங்கிக்கோ.”

அப்படி ஒருவர் கேட்டு அவள் பார்த்ததில்லை போலும். மேலாளரை அழைத்தாள். மேலாளர் யாரையோ போனில் அழைத்தார். எங்கள் பணத்தை எந்தத் தலைப்பில் வாங்குவது என்று முடிவுசெய்ய அவர்களுக்கு நான்கு நாளும் எங்களுக்கு மூன்று நடையும் ஆயின. ஒவ்வொரு நடையையும் குறித்துக்கொண்டேன். சான்றிதழ் வந்தபோது ‘முழுத் தொகையும் பெறப்பட்டது, கணக்கு முடிக்கப்பட்டது’ என்ற வரியை அங்கேயே நின்று நான் இரண்டு முறை படித்தேன். அவர் ஒரு முறை படித்தார், சத்தமாக.

வெளியே வந்ததும், “கை குடுத்த பேரத்தைத் திருப்பிக் குடுத்த மொத ஆளு நான்தான். தோஸ்துங்க கேட்டா சிரிப்பானுங்க, பேஜாரு,” என்றார்.

“சிரிக்கட்டும். கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிடாதே.”

அறிக்கை திருந்த ஏழு வாரம் ஆயிற்று. அதற்குள் தடைக்காலம் தொடங்கிவிட்டது. எஞ்சின்கள் கரையேறின, அவர் கைகளில் மறுபடி டீசல். வீட்டை விற்பவர் இரண்டு முறை போன் செய்து, வேறு ஆள் தயாராக இருப்பதாகச் சொன்னார். கெடு தேதியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். மே மூன்றாம் வாரத்தில், ‘க்ளோஸ்டு’ என்று மாறியிருந்த அறிக்கையோடு அதே மேசை முன் போய் உட்கார்ந்தோம்.

அதிகாரி படித்தார். சரிதான் என்றார். பிறகு, “ஆனா பழைய தாமதம் ரெக்கார்டுல இருக்கு மேடம். ஜாயின்ட்டா போட்டா அரை பர்சென்ட் வட்டி கூட வரும். சாரை எடுத்துட்டா அது இருக்காது.”

மூன்றாவது முறையாக அவரை எடுக்கச் சொல்கிறார்கள். நடுவில் ஒரு முறை போனிலும் சொல்லியிருந்தார்கள்.

“தெரியும் சார். பதினஞ்சு வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்னு வீட்டிலேயே போட்டுப் பார்த்துட்டுத்தான் வந்தேன். ரெண்டு பேர் பேரையும் எழுதுங்க.”

“யோசிச்சுச் சொல்லலாம் மேடம்.”

“மார்ச்லேர்ந்து யோசிச்சாச்சு.”

அவர் படிவத்தைத் திருப்பி இருவருக்கும் நடுவில் வைத்தார். அன்றைக்குத்தான் முதல் முறையாக என் கணவரைப் பார்த்து, “சார், உங்க முழுப் பேர்?” என்று கேட்டார்.

என் கணவர் பெயரைச் சொன்னார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சிரிப்பு அவர் முகத்தில் வந்தது.

“சார், அந்த அரை பர்சென்ட்டு... ஒரு காலுல முடிச்சுக்கலாமா?”

மேசைக்கடியில் அவர் காலை ஓங்கி மிதித்தேன். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.