ஏழாம் டெர்மினல்

ஒன்பது பேர் ஒரே பெயரில் வேலை செய்கிற இடத்தில் தப்பு நடந்தால், அதை யார் தலையில் கட்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? எதிர்த்துப் பேசமாட்டார் என்று யாரை நினைக்கிறார்களோ, அவர் தலையில்தான்.

1996-இல், பினாங் தீவுக்கு எதிர்க்கரையில் மாக் மண்டினில் இருந்த தொழிற்சாலை ஒன்றில் அப்படி நினைக்கப்பட்டவர் ஞானாம்பிகை. வயது நாற்பத்தாறு. இருபத்திரண்டு வருடமாக அங்கே டைப்பிஸ்ட். தீவில் இருந்த சுங்கை பினாங் வீட்டிலிருந்து இருட்டோடு கிளம்பி ஒரு பஸ், ஃபெரி, இன்னொரு பஸ். நாற்காலியில் உட்காரும்போதே பாதி நாள் உழைத்த களைப்பு வந்திருக்கும். டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தது. முதுகுவலி மட்டும் எங்கேயும் போகவில்லை.

உலோகத்துக்கு முலாம் பூசும் தொழிற்சாலை அது. எந்தத் தொட்டியில் எவ்வளவு அமிலம் ஊற்றவேண்டும் என்ற குறிப்புகளைத் திருத்தி அச்சடித்துத் தருவது டைப்பிஸ்டுகளின் வேலை. ஒரு பெரிய கம்ப்யூட்டர், அதோடு திரையும் விசைப்பலகையுமாக ஒன்பது டெர்மினல், உள்ளே நுழைய எல்லாருக்கும் 'ஆபரேட்டர்' என்று ஒரே பெயர். ஆளுக்கொரு பெயர் கொடுத்தால் தொல்லை என்று சூப்பர்வைசர் விஸ்வலிங்கம் முடிவு செய்திருந்தார்.

திருத்துவதற்கு அவர்கள் பயன்படுத்திய எடிட்டர் புரோகிராம், ஒரு ஃபைலைத் திறந்ததும் பக்கத்தில் அதற்கொரு நிழல் ஃபைலை வைத்துக்கொள்ளும். முறையாக மூடினால் நிழலை அழித்துவிடும். நிழல் மிச்சமிருந்தால், அடுத்துத் திறப்பவரிடம் 'வேறு யாரோ இதைத் திருத்திக்கொண்டிருக்கலாம், கவனம்' என்று எச்சரிக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஐந்து மணி ஃபெரியைப் பிடிக்கிற அவசரத்தில் அங்கே யாரும் எதையும் மூடியதில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு ஓடினார்கள். ஆகவே எதைத் திறந்தாலும் எச்சரிக்கை வந்தது. யாரும் படிக்கவில்லை. விரல் தானாகத் தட்டித் தள்ளியது. ஞானாம்பிகையின் விரலும்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான்காம் தொட்டிக்கு ஐந்து லிட்டர் என்றிருந்ததை இரண்டு லிட்டராகத் திருத்திச் சேமித்தார். மாலையில் அச்சாகிப் போன தாளில் ஐந்துதான் இருந்தது. மறுநாள் காமாரியா என்ற தொழிலாளி தாளில் இருந்தபடியே ஊற்றினாள். புகை கிளம்பி, கை வெந்து, மருத்துவமனையில் கிடந்தாள்.

வியாழக்கிழமை கடிதம் தயார். சொன்ன திருத்தத்தைச் செய்யவில்லை என்று ஞானாம்பிகை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடவேண்டும். போட்டால் வேலை போகும். பக்கத்து நாற்காலி வடிவம்மாள், உங்களுக்கு ராகு தோஷம், கோயிலில் ஓர் அர்ச்சனை செய்யுங்கள் என்றாள்.

"ராகுவுக்கு டைப் அடிக்கத் தெரியாதுடி," என்றார் ஞானாம்பிகை.

கம்ப்யூட்டர் விற்றவர்கள் விட்டுப்போன தடித்த கையேடு ஒன்று ஆறு வருடமாக அவர் பைக்குள் இருந்தது. ஃபெரியில் பொழுது போகாமல் படித்துக்கொண்டே வந்தவர். பணியாளர் அதிகாரி காஜா மொய்தீன் கடிதத்தை நீட்டியபோது, ஐந்து நிமிடம் டெர்மினல் வேண்டும் என்று கேட்டார்.

எடிட்டரை ஃபைல் பெயர் இல்லாமல், ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்துக் கூப்பிட்டார். மிச்சமிருந்த நிழல்களெல்லாம் வரிசையாக வந்தன. பதினான்கு. எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் 'ஆபரேட்டர்'. பதின்மூன்று, மூடாமல் சுவிட்சை அணைத்ததில் செத்தவை; ஒன்று மட்டும் எங்கோ திறந்தபடி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான்காம் தொட்டி. இன்னொரு கட்டளை கொடுத்தார். அது எந்த டெர்மினலில், எப்போதிலிருந்து ஓடுகிறது என்று திரை சொன்னது: ஏழு, திங்கள் மாலை நான்கு பத்து.

"திங்கக்கிழமை தொறந்ததுல என்னோட திருத்தம் எப்படி இருக்கும், சார்? அந்தப் பழசை முந்தாநாள் யாரோ என் திருத்தத்து மேல எழுதிட்டாங்க."

ஏழாம் டெர்மினல் விஸ்வலிங்கத்தின் அறையில் இருந்தது. தலைப்பில் தேதி மாற்றத் திறந்தவர், மறுநாள் மத்தியானம், 'ஃபைல் இடையில் மாறிவிட்டது' என்று வந்த எச்சரிக்கையைத் தட்டித் தள்ளிவிட்டுச் சேமித்திருக்கிறார்.

"அந்த ரூமுக்கு யார் வேணும்னாலும் போலாம்லா," என்றார் பக்கத்தில் நின்ற விஸ்வலிங்கம்.

"சாவி யார் பாக்கெட்ல இருக்கு, சார்?"

விஸ்வலிங்கத்தின் கை சட்டைப் பைக்குப் போயிற்று. காஜா மொய்தீன் கடிதத்தை மடித்து மேசைக்குள் போட்டார். மன்னிப்பு என்ற சொல் அந்த அறையில் யார் வாயிலிருந்தும் வரவில்லை. விஸ்வலிங்கத்துக்குக் கடிதமும் எழுதப்படவில்லை. அறிக்கையில் 'கம்ப்யூட்டர் கோளாறு' என்று முடித்தார்கள். கோளாறு கம்ப்யூட்டருடையது என்றால் காமாரியாவின் கைக்கு எந்த மனிதனும் பொறுப்பில்லை.

ஞானாம்பிகை திரும்பி வந்து உட்கார்ந்தார். வேலை தப்பியது, சந்தோஷப்படத் தெம்பில்லை. தனக்கென்று ஒரு பெயர் கேட்டு நிர்வாகத்துக்கு மனு அடித்தார். வடிவம்மாள் எட்டிப் பார்த்தாள். தன் பெயரையும் அடியில் சேர்க்கச் சொன்னாள். மற்றவர்கள் ஃபெரிக்குப் போய்விட்டார்கள்.

உங்கள் ஆபீஸிலும் எல்லாருக்கும் ஒரே பெயர்தானா? அப்படியானால் நாளைக் காலை ஒரு தாளை எடுங்கள், ஆளுக்கொரு பெயர் வேண்டும் என்று எழுதுங்கள், கூட இருப்பவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். யாராவது கை வேகும்வரை காத்திருக்காதீர்கள்.