பாஸ்டர் பார்க்க வந்த புடவை

ஆரணியில் ஒரு பட்டு ஜவுளிக் கடையில் பர்ச்சேஸ் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். சரிகையைக் கீறி, உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால்தான் அசல் என்று நம்புவேன். ஆட்களிடமும் எனக்கு அதே புத்திதான்.

எங்கள் தறிக்காரர் சாமுவேல், மகள் ஜெனிபர் கல்யாணத்துக்கென்று தானே ஒரு க்ரீம் கலர் புடவை நெய்தார். தங்கச் சரிகை பார்டர். எங்களுக்கு நெய்த புடவைகளில் ஒன்றைக்கூட அவர் வீட்டுப் பெண்கள் கட்டியதில்லை. இதைக் கட்டிக்கொண்டு மகள் சர்ச்சுக்குள் நடந்து வருவதைப் பார்க்கவேண்டும் என்பது அவர் ஆசை. பாலிஷ் போட அப்பாவும் மகளும் கடைக்குக் கொண்டுவந்த அன்று, சபைக்குப் புதிதாக வந்திருந்த பாஸ்டரும் பின்னாலேயே வந்துவிட்டார்.

"சரிகை இருக்குதே சாமுவேல். பொன் அலங்காரம் கூடாதுன்னு வேதத்துல இருக்குது. இத கட்டினா நான் கல்யாணம் நடத்தமாட்டேன்."

எனக்கு உடனே சந்தேகம். சரிகை ஆகாதென்றவர் பட்டைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை? சபையில் பாதிப் பேர் பட்டுத் தறிக்காரர்கள். அவர்களைப் பகைத்துக்கொள்ள மனமில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"எங்க இருக்குதுன்னு படிச்சுக் காட்டுங்க" என்றேன்.

போனை எடுத்துப் படித்தார். பொன் வருகிற இடத்தை மட்டும் படித்து நிறுத்தினார். ஜெனிபர் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டாள்.

"மீதியையும் படிங்க பாஸ்டர். ஜடை பின்றது, வெல ஒசந்த துணி, எல்லாம் அதே வரியிலதான் இருக்குது. ஜடை பின்னிகினுதானே நாங்க சபைக்கு வர்றோம்?"

மாட்டிக்கொண்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். பாஸ்டர் அந்த வரியை முதலிலிருந்து படித்தார்.

"கரெக்டும்மா. நான்தான் பாதிய மட்டும் படிச்சிட்டேன். பட்டும் வேணாம், காட்டன் கட்டிக்கோ."

"அப்ப ஜடை?"

"அதுக்கு அந்தக் காலத்துல அர்த்தம் வேற. ஞாயித்துக்கிழமை வெளக்கி சொல்றேன்."

சாமுவேல் புடவையை மடித்து என் மேஜைமேல் வைத்தார். "உங்ககிட்டயே இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். வெள்ளைக் காட்டன் புடவையில், ஞாயிற்றுக்கிழமை விளக்கத்தில் தப்பித்த ஜடையை நீளமாகப் பின்னி, ஜெனிபர் நடந்து வந்தாள். முன்வரிசையில் இருந்த சாமுவேல் தலை நிமிரவில்லை.

கடைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சர்ச் கல்யாண ஆர்டர் வந்தால், வசனத்தில் என்ன இருக்கிறதென்று ஆராயாதீர்கள். அதற்கு அர்த்தம் சொல்கிறவர் யார் என்று முதலில் விசாரியுங்கள். அவரைக் கேட்டுவிட்டுத் தறியில் பாவு ஏற்றச் சொல்லுங்கள். அப்போதும் முழுசாக நம்பிவிடாதீர்கள். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும்.